மூன்று தடவையும் சிவப்பு

எருமப்பட்டி
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அம்மாவிடம் மட்டும் பேசுகிறீர்கள். அம்மாவோ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். அதனால் பத்தாம் வகுப்பில் விடுமுறைக் கடிதம் எழுதியதற்குப் பிறகு இன்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். தப்பிருந்தால் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நீங்கள் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "அம்மா உசுர வெச்சுச் சீட்டுக் குலுக்கறீங்களா"ன்னு நீங்கள் கேட்டதைப் பூசாரி இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் எதற்குத்தான் பூக்கேட்கவில்லை? என் கல்யாணத்துக்குக் கேட்டோம். நீங்கள் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அம்மா கேட்டாள், வெள்ளைப் பூ வந்தபின்தான் உங்களை பஸ் ஏற்றினாள். இப்போதும் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டுதானே இருந்தீர்கள். வெள்ளைப் பொட்டலம் வந்தால் அம்மாவுக்குத் தலையில் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம், மூன்று தடவை கேட்போம் என்று எல்லோரும் பேசி வைத்ததுதானே. என் மகள் இலக்கியா நாலு வயசுக் குழந்தை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். மூன்று தடவையும் சிவப்பு. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அம்மா "சாமி சொல்லிருச்சு, உடு" என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவை நினைத்துப் பாருங்கள். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் நடந்தே வீட்டுக்குப் போவார்கள் என்று சொல்லித்தான் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாம் ஆம்புலன்ஸில் கூட்டி வந்தோம். அந்த மாதிரிக் கணக்கை இன்னொரு தடவை என்னால் நம்ப முடியாது.

ஆனால் பயமாக இருக்கிறது அண்ணா. அம்மா குனிந்தால் பயம். கோழியை விரட்டச் சத்தம் போட்டால் பயம். ஸ்கேனில் பார்த்த அந்த வீங்கின ரத்தக்குழாய் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சமையல்கட்டில் டம்ளர் விழுந்தால்கூட ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இலக்கியாவுக்கும் கோயிலுக்குப் போய்வந்த நாளிலிருந்து காய்ச்சல். இதை எதற்கு உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அங்கன்வாடி விலாசத்துக்கு அனுப்புங்கள். நான் அங்கே வேலையில் இருக்கும்போது தபால்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

சௌந்தர்யா


சூரமங்கலம்
13 ஜூன் 2025

சௌந்தர்யாவுக்கு,

கல்லூரியில் நான் வைக்கிற கேள்வி ஒன்று உண்டு. ஊரில் நாலு பேர் சொல்கிற ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, சரியா தவறா, காரணம் எழுது என்பேன். போன வெள்ளிக்கிழமை நம் சொந்தக்காரர்கள் ஒரு முழு வினாத்தாளுக்கு ஆகிற அளவு சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

"மூன்று தடவையும் சிவப்பு வந்தால் அது தற்செயல் இல்லை." தவறு. ஒரு தடவைக்குப் பாதி வாய்ப்பு, மூன்று தடவைக்கு எட்டில் ஒன்று. என் வகுப்பில் நாற்பது பேர். எல்லோரையும் மூன்று தடவை காசு சுண்டச் சொன்னால் சுமார் ஐந்து பேருக்கு மூன்றும் தலையாக விழும். அந்த ஐந்து பேரிடமும் சாமி பேசியதாக நான் வருகைப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

காளியாத்தாள் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, "அண்ணனுக்கு அப்படி ஆயிப்போச்சு, ஒரே ஊட்ட ரெண்டு தடவ கெட்டது தொடாது" என்று. அதுவும் தவறு. அந்த ஆபரேஷன் மேஜைக்கு நம் வீட்டு முகவரி தெரியாது. நீ சொல்வதும் தவறுதான். நூற்றில் இரண்டு பேர் பிழைக்க மாட்டார்கள் என்றால் அந்த இரண்டு பேர் யாருக்காவது அப்பாவாகத்தான் இருப்பார்கள். ஒருவர் நம் அப்பா என்பதால் தொண்ணூற்றெட்டு பொய்யாகிவிடாது. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

கடைசியாக, உன் கணவர் கோகுல்ராஜ் சொன்னது. "சும்மா உட்டா வருசத்துக்கு நூத்துல மூணு பேருக்குத்தானுங்க வெடிக்குதாம்." அந்த 'தான்' தவறு. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வருடம் மூன்று, தப்பித்தவர்களில் அடுத்த வருடம் மூன்று, அதற்கடுத்தும் மூன்று. பதினைந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு அம்மாக்களில் முப்பத்தேழு பேர். ஆபரேஷனில் ஐந்து பேர், அதுவும் ஒரே தடவை. ஐந்து பெரிதா முப்பத்தேழு பெரிதா என்று உன் மையத்துக் குழந்தைகளிடம் கேள்.

இலக்கியாவின் காய்ச்சலையும் பூவையும் ஏன் சேர்த்து எழுதினாய்? உன் அங்கன்வாடியில் இந்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல்?

நான் தைரியமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. அம்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தால் உடனே எடுக்க முடிவதில்லை. பேசப்போவது அவளா, அவள் போனை எடுத்துப் பேசுகிற வேறு யாரோவா என்று நாலைந்து தடவை மணி அடிக்கிற வரைக்கும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால், "சாப்டியா சாமி" என்கிறாள்.

கௌசிக்


எருமப்பட்டி
18 ஜூன் 2025

அண்ணா,

இருபத்திரண்டு பேரில் ஏழு பேருக்குக் காய்ச்சல். எண்ணிப் பார்த்தேன். இலக்கியாவுக்கு இப்போது சரியாகிவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. மற்ற ஆறு குழந்தைகளின் அம்மாக்கள் சாமியை ஏமாற்றவில்லை.

ஆமாம். எட்டில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். எட்டில் ஒன்று இல்லை அண்ணா. எட்டுக்கு எட்டும் அதுதான்.

பொட்டலம் கட்டியது நான். வாழையிலையைக் கிழித்து, ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி வைக்க வேண்டும். நான் எல்லாவற்றிலும் அரளியே வைத்தேன். மூன்று தடவைக்கு ஆறு பொட்டலம், ஆறிலும் அரளி. இலக்கியா எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். நந்தியாவட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேன். நீங்கள் கத்தும்போது அது என் இடுப்பில்தான் இருந்தது.

என்னால் முடியவில்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோன கதவு எனக்குக் கனவில் வருகிறது. அம்மாவையும் அந்த மாதிரி ஒரு கதவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்க முடியாது என்று அன்று தோன்றியது. சாமி என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை, என் குழந்தையின் கையால் அல்லவா எடுக்க வைத்தேன்.

திட்டிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் மையத்தில் மாதாமாதம் குழந்தைகளை எடை போடுகிறோம். போன மாதம் வந்த மேலதிகாரி கூட்டி வகுத்துப் பார்த்து, சராசரி எடை திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். குணசீலன் மகன் ஒருவனே இருபத்திரண்டு கிலோ. படி ஏறினால் மூச்சு வாங்குகிறான். மூலையில் மூன்று பிள்ளைகள் கை குச்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி மட்டும் நலமாக இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது உங்கள் தொண்ணூற்றைந்து ஞாபகம் வந்தது. அது யாருடைய தொண்ணூற்றைந்து? முப்பது வயதுக்காரர்களையும் சேர்த்தா? அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது.

டாக்டர் அறையிலிருந்து நாங்கள் வெளியே வந்தபின் நீங்கள் மட்டும் பத்து நிமிடம் உள்ளே இருந்தீர்கள். அவர் என்ன சொன்னார்?

சௌந்தர்யா


சூரமங்கலம்
23 ஜூன் 2025

சௌந்தர்யா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவது முழுக்க வசவு. இரண்டாவது முழுக்கப் பொய்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் உன்மேல் இருந்தது. பாதிக்குப் பாதியாவது அம்மாவுக்கு வாய்ப்பு இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் நீ இலைக்குள் வைத்துக் கட்டிவிட்டாய். பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டேன்.

சரி. அந்தப் பத்து நிமிடம்.

டாக்டர் சொன்னது இது. "பொதுவா தொண்ணூத்தஞ்சு சார். உங்கம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, வீக்கம் இருக்கிற இடமும் கஷ்டமான இடம். எண்பத்தஞ்சுன்னு வெச்சுக்கங்க." மீதிப் பதினைந்து என்ன என்று கேட்டேன். சிலர் பிழைப்பதில்லை. பெரும்பாலோர் பிழைப்பார்கள், ஆனால் கையோ காலோ பேச்சோ போய்விடும், சிலருக்கு மெல்லத் திரும்பும் என்றார்.

வெளியே வந்து நான் உங்களிடம் ஐந்து என்றேன்.

ஐந்து என்று டாக்டரும் சொன்னார், அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். வேறு யாருடைய சராசரியையோ கொண்டுவந்து அம்மாவின் தலையில் வைத்தேன். பதினைந்து என்றாலும் முப்பத்தேழை விடக் குறைவுதான், ஆபரேஷன் செய்வதுதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். உண்மையில் பயந்தது நான்தான். பதினைந்து என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். அடுத்த வெள்ளிக்கிழமை, முதல் தடவை ஏதோ தீட்டாகிவிட்டது என்று சொல்லி மறுபடியும் பூக்கேட்கச் சொல். இந்தத் தடவை எல்லாவற்றிலும் நந்தியாவட்டை வை. புள்ளியியல் வாத்தியார் எழுதுகிற வரியா இது என்று நீ சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

கௌசிக்


எருமப்பட்டி
28 ஜூன் 2025

அண்ணா,

நீங்கள் சொன்னபடி செய்யத்தான் உட்கார்ந்தேன். நேற்றுக் காலையில் நந்தியாவட்டை பறித்து, இலை கிழித்து, அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தண்ணீர் மொண்டு குடித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள், "இந்தத் தடவ ரெண்டுலயும் வெள்ளையா, கண்ணு?"

கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளுக்கு அன்றே தெரியும். எடுக்காத பொட்டலங்களைக் கோயிலில் யாரும் பிரிப்பதில்லை, நானும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். அம்மா, சாமிப் பூ காலில் மிதிபடக் கூடாதென்று மூன்றையும் மடியில் போட்டு வந்து கிணற்றில் விடப் பிரித்திருக்கிறாள். மூன்றிலும் அரளி.

"ஏம்மா அப்பவே கேக்கல?" என்றேன்.

"நீ அழுதுட்டே கட்டுனயே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். பயந்த புள்ளயப் புடிச்சு என்னன்னு கேக்கறது? எனக்குந்தான் பயம். செவப்புன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. பொய்ச் செவப்புன்னு தெரிஞ்சும் அப்பாடான்னுதான் இருந்துச்சு."

அதன் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. உங்கள் கடிதங்களை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும். சொல்லாதே என்று நீங்கள் எழுதிய வரியையும் சேர்த்துத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னிக்காவிட்டாலும் சரி.

அம்மா கடைசி வரி வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்.

"நீ செவப்ப வெச்ச, அவன் அஞ்ச வெச்சான். ரெண்டு பேரும் எனக்குத் தெரியாமத்தான வெச்சீங்க. படிச்சவனும் அப்படி, படிக்காதவளும் அப்படி. என்ற மண்டைக்குள்ள இருக்கறத என்ற கிட்டச் சொல்ல உங்களுக்கு என்ன?"

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தன்பாட்டில் பேசிக்கொண்டே போனாள்.

"வருசத்துக்கு நூத்துல மூணுன்னு அவன் கணக்குப் போடறான். எனக்கு வருசமெல்லாம் தெரியாது சாமி. எனக்கு நாளுதான். குனிஞ்சாப் பயம், தும்முனாப் பயம், சிரிக்கறதுக்கே பயம். வெடிக்கறது ஒருக்காத்தான். இந்தப் பயம் தெனமும் நூறு தடவ வெடிக்குது. இப்படியே பதினஞ்சு வருசம் இருந்தா அது இருக்கறதா? பதினஞ்சு பேருல ஒருத்தியாப் போனாலும் போறேன். போயி அந்த டாக்டரப் பாக்கலாம். இந்தத் தடவ நான் உள்ள இருக்கேன், நீங்க வெளிய இருங்க."

அப்படியே செய்தாள். இன்று சேலம் போய் வந்தோம். அவரோடு தனியாக அரை மணி நேரம். வெளியே வந்து, "எம்பத்தஞ்சுதான். உங்கண்ணன் இந்தத் தடவ சரியாத்தான் எழுதியிருக்கறான்" என்றாள். ஜூலை 14, திங்கட்கிழமை.

பூக்கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கட்டிய பொட்டலத்தையும் அவளே பிரித்து, பூவைச் சாமி படத்துக்குப் போட்டாள். நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். முன்பு யாருக்கும் தெரியாமல் பயந்தேன், இப்போது அவளுக்கு எதிரிலேயே பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

சௌந்தர்யா


சூரமங்கலம்
9 ஜூலை 2025

அன்புள்ள அம்மிணி,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைப் போனில் சொல்ல முடியாது. எழுதி, கையெழுத்துப் போட்டு, நாள் குறித்து வைக்க வேண்டிய விஷயம் இது.

அம்மா நேற்று என்னிடம் பேசினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். புழுங்கலரிசி என்ன விலை என்று கேட்டாள். வைக்கும்போது மட்டும், "இனிமே எனக்குப் பாதி சொல்லாத" என்றாள். அதன் பிறகு அன்று எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை.

நான் கேட்கிற கேள்விகளில் பிள்ளைகள் அதிகமாகத் தவறு செய்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "நல்லபடியாக முடிந்தது, ஆகவே எடுத்த முடிவு சரி." பாதி வகுப்பு 'சரி' என்று எழுதும். தவறு. குடித்துவிட்டு லாரி ஓட்டியவன் வீடு வந்து சேர்ந்தால், அவன் ஓட்டியது சரி என்று ஆகாது. திருப்பிப் போட்டாலும் தவறுதான். கெட்டதாக முடிந்தால் முடிவே கெட்டது என்று அர்த்தமில்லை. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் இது எனக்கு ஞாபகம் இருக்காது என்று பயமாக இருக்கிறது.

எல்லாம் நன்றாக நடந்தால், நான்தான் அப்போதே சொன்னேனே என்று ஒரு திமிர் எனக்கு வரும். வேறு மாதிரி நடந்தால் நீ என்னை ஒரு பார்வை பார்ப்பாய். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். அந்தப் பார்வையோடு மீதிக் காலத்தை ஓட்ட என்னால் முடியாது. ஐந்து வாரம் தள்ளிப்போனது உன்னால் என்று நானும் உன்னைப் பார்ப்பேன். அப்புறம் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தும் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வந்து போக முடியும்.

அதனால் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். தெரிந்த கணக்கை எல்லாம் தெரிந்துகொண்டு, முடிவை அம்மா எடுத்தாள். அது சரியான முடிவு. திங்கட்கிழமை என்ன நடந்தாலும் அது சரியான முடிவுதான். நான் உன்னைக் கேட்க மாட்டேன், நீ என்னைக் கேட்காதே. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயும் போட்டு வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன். கோகுல்ராஜ் மாப்பிள்ளையிடம் சொல், அப்பாவுக்குக் காத்திருந்தபோது உட்கார்ந்த மாதிரி கதவுக்கு நேராக நாற்காலி போட வேண்டாம். நாம் எல்லோரும் மாடிப்படிப் பக்கம் உட்காரலாம்.

கௌசிக்


எருமப்பட்டி
28 ஜூலை 2025

அண்ணா,

உங்கள் போன் பத்து நாளாக அணைந்து கிடக்கிறது. கல்லூரியில் கேட்டேன், வகுப்புக்கு வருகிறாராம். அதனால் உயிரோடு இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். நாலாம் நாள் காலையில் அம்மா டம்ளரை எடுக்க வலது கையை நீட்டினாள். கை போகவில்லை. இரண்டாம் தடவை நீட்டியபோது டம்ளர் உருண்டு விழுந்து போர்வையெல்லாம் பால். துணி எடுக்கத் திரும்பினேன். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை. காபி வாங்கப் போயிருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று முழுவதும் அதையே சொன்னேன்.

இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் தாளில் ஆபரேஷன் வெற்றி என்று எழுதியிருக்கிறது. பொய்யில்லை. வீக்கத்தை அடைத்துவிட்டார்கள், அது இனி வெடிக்காது. பேச்சு தெளிவாக இருக்கிறது, நடக்கிறாள். வலது கை மட்டும் தூங்குகிறது. மூன்று மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை பேருக்குத் திரும்பும் என்று நான் கேட்கவில்லை. எண்பத்தைந்தில் அவளை எழுதுவார்களா, பதினைந்தில் எழுதுவார்களா என்று யோசித்தேன். அதையும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று பால் துடைக்கும்போது, அண்ணனால்தான் இது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம், ஐந்து வாரம் முன்பே செய்திருந்தால் ஒருவேளை இப்படி ஆகியிருக்காது, என்னால்தான் என்று நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. கையெழுத்துப் போட்டாலும் நினைப்பு வரத்தான் செய்கிறது அண்ணா. ஆனால் போட்டிருப்பதால், அதை உங்கள்மேல் வீசாமல் இப்படி எழுத முடிகிறது. நீங்களும் எழுதலாம். ஓடிப்போவதாக நாம் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு இப்போது இருக்கிற பயமெல்லாம் உங்களைப் பற்றித்தான். அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. நேற்று இலக்கியா ஏதோ சேட்டை செய்ய, தலையில் கட்டோடு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐந்து மாதமாகிறது. நான் பின்கட்டிலிருந்து ஓடி வந்து பார்த்தேன், சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கையைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்கிறாள். காலேஜில் பரீட்சை, வேலை அதிகம் என்று ஒரு வாரம் சமாளித்தேன். நேற்று இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் அன்னிக்குக் கண்ணாடிக்கு வெளிய நின்னத நானும் பாத்தேன்" என்றாள். இனிப் பாதி சொல்வதில்லை என்று பேசியிருப்பதால் நானும் ஆமாம் என்றேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அவள்தான். கடைசி வரியும் அவளுடையது.

"என்ற கையப் பாக்கப் பயமா இருந்தா, மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போகச் சொல்லு."

சௌந்தர்யா